விபூதிப் பட்டையில் ஒரு கோடு

எங்கள் பட்டறைக்கு வருஷத்தில் இரண்டு பூஜை. செப்டம்பரில் ஊரோடு சேர்ந்து விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு எங்கள் பெஹாலா பேட்டை முழுவதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடியில் பட்டம் விடும். அது முடிந்து துர்கா பூஜையில் நவமி வந்தால், எங்கள் வீட்டு வழக்கப்படி ஆயுத பூஜை. கல்கத்தாவில் தமிழ் மெக்கானிக்குக்கு இரட்டை லீவு என்று என் கணவர் அர்ஜுனன் சந்தோஷப்படுவார். இரண்டு தடவையும் கிரீஸ் படிந்த தரையைச் சுரண்டுவது நான் என்பதால் எனக்கு அந்தச் சந்தோஷம் இருந்ததில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று நடந்தது வேறு. முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது என் சுபாவம்.

நான் கவிதா. காஞ்சராபாரா ரயில்வே காலனியில் பிறந்து, ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். கல்யாணமானதிலிருந்து அர்ஜுனனும் நானும் சேர்ந்து பழைய வண்டிகளுக்கு இன்ஜின் கட்டித் தருகிறோம். யாருக்கு எந்த இன்ஜின், எவ்வளவு பவர் என்று முடிவு செய்வது நான். அதைக் கடைந்து, அளந்து, பூட்டுவது அவர். வாடிக்கையாளரிடம் பேசுவதும் நான்தான். அவர் பேச ஆரம்பித்தால் எதிராளிக்குக் கொட்டாவி வந்துவிடும்.

இந்தத் தடவை வாடிக்கையாளர் மது. பாலிகஞ்சில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஐயர் வீட்டுப் பிள்ளை. வங்காளிக்கே வங்காளம் சொல்லித் தருவான். தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும். என்னைக் கவிதாதி என்பான், அவரை அர்ஜுன்தா என்பான்; வங்காளத்தில் அக்கா, அண்ணன். எங்கிருந்தோ ஒரு பழைய கான்டெஸாவைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தான். அந்தக் காலத்து மந்திரிகளும் சினிமாக்காரர்களும் போன, படகு மாதிரி நீளமான கார். அதில் அறுநூறு ஹார்ஸ்பவர் வேண்டும் என்றான். டிசம்பரில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் கால் மைல் பந்தயம் நடக்கிறது, அதில் அவனே ஓட்டப்போகிறான்.

"ஊர்ல டிராம் வேகத்துக்கு மேல யாரும் போறதில்ல. உனக்கு எதுக்குடா அறுநூறு குதிரை?" என்று கேட்டேன்.

"ஆசைதான், கவிதாதி" என்றான். அதற்கு மேல் என்ன கேட்பது!

அறுநூறு குதிரை என்றால் எல்லாம் ப்ளாக்கில்தான் இருக்கிறது. ப்ளாக் என்பது இன்ஜினின் உடம்பு. சிலிண்டர்கள் அதற்குள்தான் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி ஓடும் தண்ணீரும் அதற்குள்தான். மற்ற எதையும் கழற்றி மாற்றலாம். உடம்பு சரியில்லாதவளுக்கு ஒட்டியாணம் போட்டு என்ன பயன்? தேடிப் பார்த்ததில் இரண்டு ப்ளாக் அமைந்தன. ஒன்று, ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆறு சிலிண்டர் இரும்பு ப்ளாக். யானைக் கனம், ஆனால் எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும் என்று பேர் வாங்கியது. இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து வந்த எட்டு சிலிண்டர் அலுமினிய ப்ளாக். பெட்டி பிரிக்காத புதுசு, கனம் குறைவு.

மதுவை உட்கார வைத்துக்கொண்டுதான் நாங்கள் இருவரும் சண்டை போட்டோம்.

"அலுமினியமே போட்டுடலாம் கவி," என்றார் அவர். "புதுசு. இது வரைக்கும் எவனும் ஓட்டல. அந்த இரும்ப எவன் எப்படி வச்சிருந்தானோ, யாருக்குத் தெரியும்? அதுவும் இல்லாம வண்டி மூக்குல அவ்வளவு கனம் ஏத்தினா வளைவுல பேச்சு கேக்காது."

"கால் மைல்ல எங்கங்க வளைவு வருது? நேராத்தான போகப் போறான்? டர்போ வச்சு அமுக்குறப்ப அலுமினியத்த நம்பி நான் இவன உக்கார வைக்க மாட்டேன். இரும்புதான்."

"அதச் சரியா சோதிச்சுப் பாத்துட்டு…"

"சோதிங்க. யாரு வேணாம்னா? இந்த இரும்புல ஒரு குறை இருந்தா நான் என் பேர மாத்திக்கறேன். மது, எழுதி வச்சுக்கோ."

மது சிரித்தான். அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். கிதர்பூரில் ஜப்பான் இன்ஜின்களை இறக்கி விற்கிற சாய்ராமிடம் சொல்லி அன்றைக்கே இரும்பு ப்ளாக்கை எடுத்து வந்தோம். அலுமினியத்தை வைத்திருந்தவர் தசமி வரை பார்ப்பதாகவும், அதற்குள் நாங்கள் வேண்டும் என்று சொல்லாவிட்டால் குவாஹாட்டிக்கு அனுப்பிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். அனுப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தபோது, அவர் ப்ளாக்கின் அழுக்கைக் கழுவி, ஓட்டைகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றடைத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கிச் சோதித்து முடித்திருந்தார். விரிசல் இருந்தால் குமிழி வரும்.

"என்னங்க ஆச்சு?"

"ப்ரெஷர் நிக்குது" என்றார்.

பார்த்தீர்களா என்கிற மாதிரி நான் ஒரு பார்வை பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அஷ்டமியன்று அவரே ப்ளாக்கை மறுபடியும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவித் துடைத்து, பட்டறை நடுவில் மரக்கட்டை மேல் ஏற்றி வைத்தார். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. விஜயதசமியன்று கிராங்க் தண்டை இறக்கி வேலையைத் தொடங்குவதாக ஏற்பாடு.

நவமி காலையில் பூஜை. லேக் மார்க்கெட்டிலிருந்து கதம்பமும் வாழையிலையும் வெள்ளைப் பூசணியும் வந்தாயிற்று. பொரிக்குப் பஞ்சமே இல்லை, பொரியை ‘முடி’ என்கிற இந்த ஊர் அதன் மேலேயே உயிர் வாழ்கிறது. லேத், போரிங் மெஷின், டார்க் ரெஞ்ச், நான் கணக்குப் போடுகிற லேப்டாப் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். விபூதி வைப்பது என் மாமியார் அலமுவின் இலாகா. அதில் யாரும் தலையிட முடியாது.

"இவ்வளவு பெரிய உருப்படிக்கு மூணு விரல் பட்ட எந்த மூலைக்கு?" என்று சொல்லி, கிண்ணம் நிறைய விபூதியைத் தண்ணீரில் குழைத்து, ப்ளாக்கின் ஒரு பக்கம் முழுவதும் உள்ளங்கையாலேயே பட்டை போட்டுவிட்டார். சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெள்ளையாகிவிட்டது.

"அத்தை, இன்ஜினுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?" என்றேன்.

"நீ பேசாம கற்பூரத்தக் கொளுத்து."

கற்பூரம் காட்டியாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. இனிமேல் தசமி காலை வரை எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் மட்டும் அத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பேட்டை கிளப் பையன்கள் வந்து, பந்தல் ஜெனரேட்டர் மக்கர் பண்ணுகிறது என்று என் கணவரை இழுத்துக்கொண்டு போனார்கள். நம் ஸ்பேனரைத் தொடாமல் கிளப் ஸ்பேனரால் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போனார்.

நான் பட்டறைக்குப் பின்னாலுள்ள வீட்டில் சுண்டல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அத்தையின் குரல் கேட்டது.

"கவிதா! ஓடியா! சீக்கிரம் ஓடியா!"

பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று ஈரக்கையோடு ஓடினேன். பிரசாதம் வாங்க வந்த மது பட்டு ஜிப்பாவில் நின்றுகொண்டிருந்தான். அத்தை தலைக்கு மேல் கையைக் கூப்பியிருந்தார். இருவருடைய கண்களும் ப்ளாக்கில் இருந்தன.

காய்ந்து வெளுத்திருந்த விபூதியின் நடுவே கறுப்பாக ஒரு கோடு. கீழே ஒரு மூலையில் தொடங்கி, வளைந்து வளைந்து ஏறி, மேலே போய்ச் சற்றே தடித்திருந்தது. காலையில் அது இல்லை.

"நாகாத்தா" என்றார் அத்தை. "நம்ம இரும்புல வந்து எறங்கியிருக்கா பாரு. படம் எடுக்கறா பாரு!"

"கீ காண்டோ, என்ன அதிசயம் கவிதாதி!" என்றான் மது. "நான் வந்து பாக்கறச்சே இவ்வளவுதான் இருந்தது. என் கண்ணு முன்னாடியே நீண்டுண்டு போறது! ஃபோட்டோ எடுத்துப் போட்டாச்சு, லைக்கு கொட்டறது."

எனக்கும் முதலில் பாம்பாகத்தான் தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், என் கையும் கூப்பப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது.

இந்த வாசனையையும் இந்த வெள்ளையையும் நான் முன்பே சேர்த்துப் பார்த்திருக்கிறேன்.

டிப்ளமோ முதல் வருஷத்தில் லேபில் செய்த சோதனை அது. இரும்பு உருப்படியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வெளியே துடைத்துவிட்டு, சுண்ணாம்புத் தூளைக் குழைத்துப் பூசிக் காயவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து வெளியே வரும். வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். நேற்று என் புருஷன் மண்ணெண்ணெயில் கழுவினார். இன்று என் மாமியார் வெள்ளை பூசினார். இரண்டு பேரும் சாமிக்கு என்று நினைத்துச் செய்தார்கள்.

"கும்பிடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல் இருந்தது. "கும்பிடாதீங்க அத்தை. அது விரிசல்."

"என்னது?"

"ப்ளாக் வெடிச்சிருக்கு. மது, வெடிச்சிருக்குடா."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அதற்குள் ஸ்டாண்டிலிருந்த சுரண்டியை எடுத்துவிட்டேன். சந்தனப் பொட்டு வைத்த சுரண்டி.

"ஐயோ, தொடாத! நாளைக்குப் பாத்துக்கலாம்!" என்று அத்தை என் கையைப் பிடித்தார். "வழக்கத்த மீறாத தாயி!"

"விடுங்க அத்தை."

விபூதியைத் துடைத்துவிட்டுக் கோடு போன வழியே சுரண்டினேன். இரும்பைச் சுரண்டினால் இரும்புச் சத்தம் வரவேண்டும். வரவில்லை. சாம்பல் நிறத்தில் வேறு ஏதோ செதில் செதிலாக உதிர்ந்தது. பட்டி. பைப் உடைந்தால் ஒட்டவைப்பார்களே, அந்த மெட்டல் பட்டி. யாரோ விரிசலைக் கொஞ்சம் கடைந்து, பட்டி வைத்து அடைத்து, இரும்பின் நிறம் வரும்வரை தேய்த்து மழுப்பியிருந்தார்கள். அடைத்த இடத்துக்கு மேலும் கீழும் விரிசல் முடி போல் நீண்டிருந்தது. அங்கேதான் எண்ணெய் கசிந்திருக்கிறது. குளிர் தேசத்து வண்டி. எப்போதோ உள்ளே தண்ணீர் உறைந்து, உப்பி, சுவரைப் பிளந்திருக்க வேண்டும். கல்கத்தாவில் எவனுக்கு அது தோன்றும்?

"இத மாட்டிண்டு நான் ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றான் மது.

மழுப்ப எனக்குத் தெரியாது. "முழு வேகத்துல போறப்ப இன்ஜின் கொதிக்கும். பட்டி பேந்துக்கும். உள்ள இருக்கற கொதிதண்ணி மொத்தமும் பீச்சிக் கீழ கொட்டும். உன் பின் டயர் உன் தண்ணி மேலயே ஏறும். அதுக்கப்புறம் ஸ்டியரிங் உன் கையில இருக்காது."

அவன் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். பட்டு ஜிப்பாவில் கிரீஸ் ஒட்டியது, அவன் கவனிக்கவில்லை. என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. இந்த வாய்தானே அவனை இரும்புக்கு இழுத்து வந்தது!

"மது, நான் எடுத்த முடிவு தப்பு. உங்க அர்ஜுன்தா சொன்னதுதான் சரி. அலுமினியத்தயே போட்டுடலாம், இப்பவே ஃபோன் பண்ணி நிறுத்தி வைக்கச் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு இன்னொரு வேல இருக்கு."

சாய்ராமுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பின்னால் டாக் மேளம் காதைப் பிளந்தது.

"ஷுபோ நவமி, அக்கா!"

"உன் நவமியில தீய வைக்க! பட்டி வச்சு மழுப்பின ப்ளாக்க என் தலையில கட்டியிருக்கியே, நீ நல்லா இருப்பியாடா? ஒரு உயிர் போயிருக்கும்டா! நாளைக்கே கிதர்பூர் முழுக்க உன் பேரக் கிழிக்கறேனா இல்லையா பாரு!"

அவன் என்னைப் பேசவிட்டான். நான் மூச்சு வாங்கிய இடத்தில்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, நான் அந்த ப்ளாக்கத் தண்ணி ஊத்திக் கழுவினதுகூட இல்ல. கப்பல்லேர்ந்து வந்த சேறும் எண்ணெயுமாத்தான் கொடுத்தேன். நீங்கதான என்னத் திட்டினீங்க, இவ்வளவு அழுக்கோட தர்றியேன்னு? பட்டி வச்சா சுத்தமான இரும்புலதான் ஒட்டும். கழுவினது யாரு, அக்கா?"

போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். ஆமாம், திட்டினேன். கையெல்லாம் தார் மாதிரி ஒட்டியது. அந்த அழுக்கின் மேல் யாரும் பட்டி வைத்திருக்க முடியாது. இந்தப் பட்டறைக்கு வந்த பிறகுதான் அது சுத்தமானது. கழுவினது யார்?

சாய்ராம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் போனை வைத்துவிட்டேன். இல்லை, இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

அந்த நேரத்தில்தான் அவர் உள்ளே வந்தார். கிளப்பில் கொடுத்த நாரு என்கிற தேங்காய் உருண்டைகளை இலையில் வைத்துக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடிவிட்ட சந்தோஷத்தில் வந்தார். என் கையில் சுரண்டியைப் பார்த்தார். ப்ளாக்கைப் பார்த்தார். இலையை மெதுவாக லேத் மேல் வைத்தார்.

"வாடா அர்ஜுனா," என்றார் அத்தை. "நீயே சொல்லு. இவ இதப் போயி விரிசல்ங்கறா."

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்ன பட்டி, எனக்குத் தெரியாதே என்று சொன்னால் போதும் என்றிருந்தது. மது கேட்பதற்குள் நானே பேச்சை எடுத்தேன்.

"என்னங்க, நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் இரும்பு இரும்புன்னு குதிச்சேன். என் தப்பு. மதுகிட்டயும் சொல்லிட்டேன்."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"சொல்லிட்டியா?" என்றார். "இவ்வளவுதானா?"

"எது இவ்வளவுதானா?"

"இவ்வளவு சுலபமா சொல்லுவேன்னு எனக்குத் தெரியாம போச்சே, கவி." போரிங் மெஷினைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சிருந்தா நான் இதச் செஞ்சிருக்கவே மாட்டேனே."

மது எழுந்து நின்றான்.

"நீங்கதான் பட்டி வச்சீங்களா?"

"மொதல் தடவ முக்கினப்பவே குமிழி வந்துச்சு. நீ கடைத்தெருவுக்குப் போயிருந்த. என்ன செய்யறதுன்னு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். மது முன்னாடி நீ பேர மாத்திக்கறேன்னு சொல்லியிருக்க. இப்பப் போயி உன்கிட்ட ஓட்டைன்னு நான் எப்படிச் சொல்ல? நீ தலகுனிஞ்சு நின்னா என்னால பாக்க முடியாது கவி. கடைஞ்சு, அடைச்சு, காய வச்சு, மறுபடி முக்கிப் பாத்தேன். ஒரு குமிழி வரல. ப்ரெஷர் நின்னுச்சு. நான் உன்கிட்ட பொய் சொல்லல."

"வெந்நீர்ல நின்னுச்சு! அறுநூறு குதிரையில நிக்குமா?"

"நல்லாத்தான் அடைச்சேன்…"

"இவன் செத்திருப்பான்! இவன் செத்திருந்தா, பட்டி நல்லா இருந்துச்சுன்னு இவன் வீட்டுல போயிச் சொல்லுவியா நீ?"

நீ என்று வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படி அழைத்ததில்லை. விரிசலுக்குக்கூட அத்தை அவ்வளவு அதிரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அதைத் திருத்தத் தோன்றவில்லை.

மது மட்டும் நிதானமாக, அவனுக்கு வராத தமிழில், வார்த்தை வார்த்தையாகக் கேட்டான். "அர்ஜுன்தா, நான் நன்னா இருக்கணும்னு நெனச்சேளா, இல்ல கவிதாதி நன்னா இருக்கணும்னு நெனச்சேளா?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னுதான் நெனச்சேன், மது." அவர் கண் கலங்கியிருந்தது. அதில் துளி நடிப்பு இல்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. கெட்டவனாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இந்த மனுஷன் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. நான் கத்தினால் சிரிப்பார். நான் தப்பாக அளந்தால் சொல்லாமல் சரி பண்ணிவிடுவார். ஊரெல்லாம் என்னிடம் சொல்லும், உனக்குக் கிடைத்த மாதிரி ஒருத்தன் யாருக்கும் கிடைக்க மாட்டான் என்று. நானும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் சரி பண்ணிவிடுவார்.

அந்த வார்த்தை எனக்குள் ஓடி முடிந்ததும், நாங்கள் அனுப்பிய பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. நல்ல வெயில், தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது, எனக்குப் பல் கிட்டியது.

"என்னங்க," என்றேன். சத்தம் போட எனக்குத் தெம்பில்லை. "இதுக்கு முன்னாடி?"

"என்ன முன்னாடி?"

"நான் இதுதான்னு சொல்லி எடுத்த ப்ளாக்குல குறை இருந்து, என்கிட்ட சொல்லாம நீங்க அடைச்சு, நம்ம பேர ஒட்டி வெளிய அனுப்பினது. இதுக்கு முன்னாடி நடந்திருக்கா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அப்போதும் நம்பத்தான் காத்திருந்தேன். சுரண்டியைக் கீழே வைத்தேன், அவர் சொல்வது காதில் விழாமல் போய்விடக் கூடாது என்பது போல. அத்தையும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூரையைப் பார்த்து யோசித்தார். எதையோ ஒளிக்கிறவர் போல் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமே என்று யோசிக்கிறவர் போல்தான் இருந்தது.

"எந்த வருஷத்துலேர்ந்து சொல்ல, கவி?" என்றார்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மது ஏதோ கேட்டான், எனக்குக் கேட்கவில்லை. போன் என் கையில்தான் இருந்தது. எங்கள் இன்ஜினை நம்பி ஓட்டிக்கொண்டிருப்பவர்களில் யாருக்கு முதலில் போடுவது என்று தெரியவில்லை. வெளியே தெருவில் ஹாரன் சத்தம் தொடங்கிவிட்டது. நவமி சாயங்காலம், ஊரே பிள்ளை குட்டிகளை ஏற்றிக்கொண்டு பந்தல் பார்க்கக் கிளம்பியிருந்தது.